சும்மா நிற்பவள்

ஜூன் 1, ஞாயிறு

இந்த டைரி பொங்கலுக்கு நூல் கடைக்காரர் கொடுத்தது. ஐந்து மாதமாக அலமாரியில் கிடந்தது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை முடித்த என்னைப் போன்ற பண்டிதன் எழுதும்படி நாட்டில் என்ன நடந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். நேற்று நடந்துவிட்டது. என் மகள் கோகிலவாணிக்கு வேலை கிடைத்திருக்கிறது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு: பெண் பி.காம்., முதல் வகுப்பு. பிறவியிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலம் கிடையாது. சக்கர நாற்காலிதான். மூன்று வருடத்தில் பதினான்கு இன்டர்வியூ போய் வந்தோம். ஒரு இடத்தில் பாத்ரூம் மாடியில் இருப்பதால் வேலை இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் லிஃப்ட் இருந்தது. லிஃப்டுக்குப் போக நாலு படி இருந்தது. ஒரு பெரிய கம்பெனியில் மாற்றுத்திறனாளிகள் தினம் என்று கூப்பிட்டுப் பூங்கொத்து கொடுத்து, போட்டோ எடுத்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்கள். பிஸ்கட் நன்றாக இருந்தது. வேலையைத்தான் மறந்துவிட்டார்கள்.

இது கோயம்புத்தூர் கம்பெனி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்யலாம். மூன்று மாதம் பார்ப்பார்கள். மார்க் குறையாமல் இருந்தால் ஆகஸ்ட் கடைசியில் நிரந்தரம்.

நான் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரி மயிலாத்தாள் வீட்டில் சும்மா இருந்தாள். கோகியின் காலுக்குத் தைலம் போட்டு நீவிக்கொண்டே, "ஊர் முச்சூடும் சொல்லிப்போட்டு வந்தாச்சுங்களா? மைக் செட்டு வெக்கலீங்களா?" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

கோகி என்ன வேலை செய்கிறாள் என்று இன்றுதான் புரிந்தது. கம்ப்யூட்டரில் பத்து விநாடி வீடியோ வரும். ஏதோ ஒரு தையல் கம்பெனி. ஆட்களின் முகம் மட்டும் கலைத்து விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஆளும் வேலை செய்கிறாரா இல்லையா என்று பார்த்து இரண்டு பட்டனில் ஒன்றை அமுக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில் அமுக்கினால் அதைப் பார்த்து ஒரு மிஷின் கற்றுக்கொள்ளுமாம்.

"மிஷினுக்கு நீ டீச்சரா கண்ணு?"

"டீச்சர் இல்லீங்கப்பா. பிட் எழுதிக் குடுக்கற ஆளு."

ஒரு பட்டனில் 'வேலை' என்று இருந்தது. இன்னொன்றில் இங்கிலீஷில் 'ஐடில்' என்று இருந்தது. அதற்கு நல்ல தமிழ் வார்த்தை சொல்லச் சொல்லிக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்களாம். நான் முதலில் இட்லி என்று படித்தேன். பிறகு வண்டி ஐடிலில் ஓடுவது ஞாபகம் வந்தது. ஓரிடத்தில் நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும்.

"சும்மான்னு போடு" என்றேன்.

கோகி அதை எழுதி அனுப்பினாள். ஒன்பதாம் வகுப்பிடமும் யோசனை கேட்கும் காலம் வந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

என் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்! பட்டனில் இப்போது 'சும்மா' என்றே வருகிறது. தலைவர்கள் பெயர் தெருவுக்கு வைப்பதுபோல என் வார்த்தையைப் பட்டனுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கறி எடுத்த நாள். மயிலா அடுப்படியில் இருந்தாள். நான் கோகிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடமாகத் திருப்பூரில் பனியன் தைப்பவன். எந்தக் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாதா? இவன் நூல் கோக்கிறான், வேலை. இவன் பாபின் மாற்றுகிறான், வேலை. இவன் பக்கத்து ஆளிடம் மருமகன் கதை பேசுகிறான், சும்மா.

அப்புறம் ஒரு வீடியோ வந்தது. டெய்லர் தைக்கிறான். பக்கத்தில் ஒரு பொம்பளை துணியின் ஓரத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அசையவே இல்லை.

"அப்பா, இது யாருங்க? என்ன பண்றாங்க?"

கைமடிக்காரி. துணியை மடித்துப் பிடித்து டெய்லருக்கு விட்டுக்கொடுக்கிற ஆள். என் மெஷினுக்குக் கைமடி மயிலாதான். பன்னிரண்டு வருடமாக என் வலது பக்கத்தில் நிற்கிறாள். இதை விடலாமா? அடுப்படிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"இவளா கண்ணு? இவ சும்மா நிக்கறா. எங்க கம்பெனியிலயும் இப்படி ஒருத்தி இருக்கறா."

உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். "கையில துணி இருக்குதா இல்லியான்னு நல்லா பாருங்க."

"துணி இருக்குது. கை ஆடலியே."

"ஆடுனா உங்க தையல் ஆடும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சட்டப்படி சும்மா."

கோகி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். நேரம் போகிறதென்று 'சும்மா'வை அமுக்கினாள். அடுத்த வீடியோ வந்துவிட்டது. கறி கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. குற்றம் என் மேல்தான் விழுந்தது.

ஜூன் 17, செவ்வாய்

ராத்திரி மழை. கம்பெனியில் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வந்து தூங்கினேன். மயிலாவும் சும்மாதான் இருந்தாள். போர்வைகளை எல்லாம் எடுத்துத் துவைத்துப் போட்டாள், கோகியைத் தூக்கிக் குளிக்க வைத்தாள்.

ஜூன் 27, வெள்ளி

கோகிக்குப் பாராட்டு. துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்பளைகள் விஷயத்தில் மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாக அமுக்கியிருக்கிறார்கள். இவள் மட்டும் எல்லா வீடியோவிலும் ஒரே மாதிரி. எப்படி என்று மேலதிகாரி ப்ரீத்தா மேடம் கேட்டதற்கு, "எங்கப்பா இந்தத் தொழில்லயே இருக்கறாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். உடனே அதை ஒரு குறிப்பாக எழுதித் தரச் சொன்னார்களாம். 'மெஷின் அருகில் துணியைப் பிடித்தபடி கை அசையாமல் நிற்பவர்: சும்மா.' இருநூறு பேருக்கு அந்தக் குறிப்பு போயிருக்கிறது. கீழே அனுபவசாலி என்று என்னையும் போட்டிருக்கிறார்கள், பெயர் போடாமல்.

"நிரந்தரம் ஆயிரும்போல இருக்குதுங்கப்பா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து வெகு நாளாயிற்று.

ஜூலை 9, புதன்

எங்கள் கம்பெனியில் காமிரா மாட்டுகிறார்கள். வெளிநாட்டு பார்ட்டி கேட்கிறானாம். தொழிலாளர் பாதுகாப்புக்காக என்று லைன் சூப்பர்வைசர் சதாசிவம் சொன்னான். எங்கள் தலைக்கு நேர் மேலே மின்விசிறி இருந்த இடத்தில் காமிரா வந்திருக்கிறது. மின்விசிறி தள்ளிப் போய்விட்டது. பாதுகாப்பாக வேர்க்கிறது.

ஜூலை 21, திங்கள்

லைன் கடைசியில் பெரிய டிவி வைத்திருக்கிறார்கள். அதில் நாங்கள் எல்லோரும் தெரிகிறோம். ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு கட்டம். பச்சைக் கட்டத்தின் மேல் 'வேலை'. சிவப்புக் கட்டத்தின் மேல் 'சும்மா'.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் கால் பெடலிலிருந்து தானாக எடுபட்டது. எத்தனையோ பேர் சும்மா என்று சொல்கிறார்கள். அதென்ன என் பாட்டன் சொத்தா? வேறு யாராவது யோசித்திருப்பார்கள்.

டிவியில் எட்டு மெஷின். எட்டு டெய்லர்கள் பச்சை. எட்டுக் கைமடிக்காரிகள் சிவப்பு. சதாசிவம் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ கிரிக்கெட் பேசியபடி மேலும் கீழும் நடக்கிறான். அவன் தலையோடு கால் பச்சை. நடந்தால் வேலையாம்.

மயிலா டிவியைப் பார்த்தாள். தன் கட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு நூல் அறுந்தது.

ஜூலை 24, வியாழன்

கைமடிக்காரிகளை மட்டும் கூப்பிட்டு சதாசிவம் எச்சரித்தானாம், சிவப்பு இப்படியே போனால் ஆள் அதிகம் என்று மேலே முடிவு செய்வார்களென்று. நான் போய்க் கேட்டேன்.

"தம்பி, கைமடி இல்லாம அடி மடிப்பு எப்படித் தைக்கறது? பனியன் துணி வெட்டுன ஒடனே ஓரம் சுருளுது. அதைச் சுருள விடாம புடிக்கறதுதான் வேலை. கை ஆடாம இருக்கறதுதான் வேலையே."

"எனக்குத் தெரியாதுங்களாண்ணா? எங்கம்மாவும் கைமடிதானுங்க. நான் சொல்லலீங்க. மிஷின் சொல்லுது."

"மிஷினுக்கு யாரு சொன்னாங்க?"

"அது எவனோ படிச்ச மடையன் சொல்லியிருப்பானுங்ணா."

மடையன் சரி. படித்த என்பதுதான் பொருந்தவில்லை.

ஜூலை 26, சனி

மயிலா ஒரு வழி கண்டுபிடித்தாள். இடது கையால் துணியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஆரத்தி எடுப்பதுபோலச் சும்மா சுற்றினாள். கட்டம் பச்சையாகிவிட்டது! மற்ற ஏழு பேரும் அப்படியே சுற்ற ஆரம்பித்தார்கள். லைன் முழுக்க ஆரத்தி. மிஷினுக்குப் பரம திருப்தி. பிடித்தால் சும்மா, சும்மா சுற்றினால் வேலை. இந்த அறிவை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

தையல் வளைந்து வளைந்து போனது. செக்கிங்கில் இருக்கிற ரஜியா ஒரு கட்டுப் பனியனைத் தூக்கி வந்து என் மேஜையில் போட்டாள். "கிட்டுச்சாமிண்ணா, இது பனியனா, பவானி ஆத்து அலையா?"

சுற்றுவதை நிறுத்தச் சொன்னேன். "நிறுத்துனா செவப்புங்க" என்றாள் மயிலா. பிறகு அவளே நிறுத்திவிட்டாள். என் தையல் கெட்டுப் போவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. கட்டம் சிவப்பானது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. மயிலா நாலு விதச் சாதம் கிளறினாள். நான் புளிச்சாதத்தில் இருந்தபோது கோகி கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வாங்க. இது நீங்களா?"

முகம் கலைந்திருந்தது. ஆனால் வலது மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு, பச்சைக் கண்ணாடி வளையல், அதற்குள் அவள் எப்போதும் செருகி வைக்கிற ஊக்கு. பக்கத்தில் ஒரு வழுக்கை மண்டை தைத்துக்கொண்டிருந்தது. அந்த வழுக்கையை முகமில்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கம்பெனி வீடியோதான். மிஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க இவளுக்கு வந்திருக்கிறது. மிஷின் ஏற்கெனவே சிவப்புப் போட்டுவிட்டது. கோகி 'சரி' என்று அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மயிலாதான் முதலில் பேசினாள்.

"ஏனுங்க, அன்னிக்குக் கறி வெந்துட்டிருந்தப்போ நீங்க சொன்னீங்களே, அதுதானே இது?"

"அது வெளையாட்டுக்குச் சொன்னது" என்றேன்.

"வெளையாட்டுன்னு மிஷினுக்குத் தெரியாதுங்களா?"

கோகி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்மா எழுதிக் குடுத்தேன். இருநூறு பேருக்கு."

மயிலா அவள் தலையைத் தடவினாள். "உன் மேல என்ன தப்பு சாமி? தொழில் தெரிஞ்ச பெரிய மனுசன் சொல்லியிருக்கறாரு."

பெரிய மனுசனுக்குத் தயிர்ச்சாதம் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோகி நாலு நாளாகக் கைமடிக்காரிகளை எல்லாம் 'வேலை' என்று அமுக்குகிறாள். என்னிடம் சொல்லவில்லை, மயிலாவிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மார்க் தினமும் இறங்குகிறதாம். தப்பு தப்பு என்று திரும்பி வருகிறதாம். ஒவ்வொரு தப்புக்கும் கீழே எந்தக் குறிப்புப்படி தப்பு என்று காட்டுகிறது. அவள் எழுதிய குறிப்பேதான்.

"விட்டுரு கண்ணு. சும்மான்னே போட்டுரு. நிரந்தரம் ஆகட்டும். அம்மா வேலைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"எப்படிப் பாத்துக்குவீங்க?"

குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவள் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவு. அனுபவசாலி சொல்லித்தானே குறிப்பு வந்தது. அந்த அனுபவசாலியே தப்பென்று எழுதினால் மாற்றுவார்கள் என்றாள் கோகி. கைமடி என்னவெல்லாம் செய்கிறது என்று விவரமாக எழுத வேண்டுமாம். அந்த அனுபவசாலி மயிலாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"நீ அங்க நின்னுட்டு என்ன பண்றேன்னு சொல்லு. எழுதணும்."

"என்னத்தைப் பண்றேன்? சும்மா புடிச்சுக்கறேன்."

கோகி மேஜையில் அடித்தாள். "நீங்களும் அதையே சொல்லாதீங்கம்மா!"

மயிலா திகைத்துப் போனாள். பிறகு என் சட்டை ஓரத்தை இரண்டு விரலில் பிடித்துக் காட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். கட்டை விரல் ஓரத்தைச் சுருள விடாது. ஆள்காட்டி விரல் துணி எவ்வளவு இழுபடுகிறது என்று பார்க்கும். மெல்லிய துணியென்றால் விட்டுக்கொடுக்க வேண்டும், தடித்த துணியென்றால் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டும். ஊசி மழுங்கினால் விரலுக்கு முதலில் தெரியும். அப்போது என் முழங்கையை இடிப்பாள். வெட்டும்போதே கோணலாக வந்த பீஸை நான் பார்க்குமுன் உருவிவிடுவாள். அப்புறம் எனக்குத் தூக்கம் வந்தால் கிள்ளுவாள்.

பன்னிரண்டு வருடமாக முழங்கையில் இடித்ததை நான் பொண்டாட்டி இடிப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஊசியை ஒரு பார்வை பார்ப்பேன், மாற்றுவேன். கெட்டிக்காரன், சரியான நேரத்தில் பார்த்துவிட்டேன் என்று எனக்கு நானே மெச்சிக்கொள்வேன்.

கடிதத்தை நானே எழுதினேன். பிழைகளைக் கோகி திருத்தவில்லை, அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினாள்.

'அய்யா அம்மா அவர்களுக்கு. துணி பிடித்து நிற்கும் பெண் சும்மா நிற்கிறாள் என்று சொன்ன ஆள் நான்தான். கறிக்குழம்பு வாசனையில், மனைவியைச் சீண்டுவதற்காகச் சொன்னது. அது பொய். என் மகள் என்னை நம்பினாள், நீங்கள் என் மகளை நம்பினீர்கள், மிஷின் உங்களை நம்பிவிட்டது. தயவுசெய்து மிஷினிடம் சொல்லுங்கள். அந்தப் பெண்கள் செய்யும் வேலை கீழே எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருடம் தைத்தவனுக்கே தெரியாதது பத்து விநாடி வீடியோவில் எப்படித் தெரியும்? உங்களில் யாராவது ஒரு நாள் வந்து அந்த இடத்தில் நின்று பாருங்கள். நாற்காலி கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும். இப்படிக்கு, கி. கிட்டுச்சாமி, டெய்லர்.'

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். கம்பெனியில் கொடியேற்றி லட்டு கொடுத்தார்கள். லட்டுக்கு வரிசையில் நின்ற அத்தனை பேரையும் டிவி சிவப்பாகக் காட்டியது. கொடிக்கு அசையாமல் நின்ற முதலாளியையும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ப்ரீத்தா மேடம் போன் செய்தார். கோகி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோகிலவாணி, உங்க அப்பா லெட்டர் ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். ரொம்ப டச்சிங். அவரு கதையே எழுதலாம்."

"தேங்க்ஸ் மேடம். குறிப்பை மாத்திட்டீங்களா?"

"அது இனி முடியாதும்மா. அந்த டேட்டா எல்லாம் டெலிவரி ஆயிடுச்சு. அதோட, அசையாம இருக்கறதை வேலைன்னு எப்படி அளக்கறது? அளக்க முடியாததைச் சேர்க்க முடியாது."

"அப்படீன்னா அவங்க வேலை போகுமே மேடம். அதுல ஒருத்தர் எங்கம்மா."

மேடம் பேச்சை மாற்றினார். "உங்க மார்க்கும் ஆகஸ்ட்ல ரொம்ப இறங்கியிருக்கு. முதல்ல சும்மான்னு போட்டீங்க, இப்ப வேலைன்னு போடறீங்க. நிலையா இல்லைன்னு மேலே நினைக்கறாங்க. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்னு... உங்க மாதிரி இருக்கறவங்களுக்கு டிசம்பர்ல ஒரு விழா வெக்கறோம். கண்டிப்பா வரணும்."

கோகி கேட்டாள்: "பிஸ்கட் உண்டுங்களா மேடம்?"

அவருக்குப் புரியவில்லை. நாங்கள் மூவரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு கோகி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என் மகள் பொய் சொன்னவரையில் கெட்டிக்காரி. உண்மையைச் சொன்னதும் நிலையில்லாதவள். படி வைத்து வெளியே நிறுத்தினார்கள், பாத்ரூமை மாடியில் வைத்து நிறுத்தினார்கள். இப்போது படியே இல்லாத வேலையில் அவள் கையாலேயே படி கட்ட வைத்திருக்கிறார்கள். செங்கல் எடுத்துக் கொடுத்தவன் நான். என்னை நானே திட்டிக்கொள்வதை நிறுத்தச் சொல்கிறாள் மயிலா. திட்டுவதற்கு வேறு யார் முகமும் தெரியவில்லையே. எல்லா முகத்தையும் கலைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

திங்கட்கிழமை முதல் கைமடி கிடையாது. எட்டுப் பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். தேவைப்பட்டால் போன் செய்வார்களாம். மயிலா நடுவிரலில் போடுகிற தொப்பியையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டதற்கு, "நல்லதுதானுங்க. இனிமே வீட்டுல சும்மா இருக்கலாம்" என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டு மாவுக்கு அரிசி ஊறப்போட்டாள், துணி மடித்தாள், கோகியைத் தூக்கிப் படுக்க வைத்தாள். அவள் இருப்பதில் சும்மா என்பது எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

வலது பக்கம் காலி. தைத்தேன். ரஜியா திருப்பி அனுப்பினாள். பிரித்துத் தைத்தேன். மறுபடி திருப்பி அனுப்பினாள், இந்தத் தடவை கிண்டல் செய்யாமல். ஊசி மழுங்கியது தெரியாமல் முப்பது பீஸ் ஓட்டை. யாரும் முழங்கையில் இடிக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையிலிருந்து எட்டு டெய்லர்களுக்கும் திட்டு. தையல் கோணல், வேகம் குறைவு. சதாசிவம் கத்தினான்: "ரெண்டு கையும் இருக்குதல்லங்க? நீங்களே மடிச்சுப் புடிச்சுத் தைக்க வேண்டியதுதானே?"

"சரிங்க தம்பி" என்றேன்.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். துணியின் ஓரத்தை மடித்து, மயிலா காட்டியபடி கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பிடித்தேன். அப்படியே உட்கார்ந்தேன். திட்டமெல்லாம் இல்லை. எனக்கு அந்த அளவு மூளை கிடையாது. மடித்துப் பிடிக்கும் இரண்டு கையால் தைக்க முடியாது என்று காட்டத்தான் நினைத்தேன்.

பக்கத்து மெஷின்காரர் என்னைப் பார்த்தார். அவரும் காலை எடுத்தார், துணியைப் பிடித்தார். அவருக்கு அடுத்தவர். அவருக்கு அடுத்தவர். லைனில் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

டிவியில் எட்டுக் கட்டமும் சிவப்பு. சும்மா, சும்மா, சும்மா. சதாசிவம் பதறிப்போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். அவன் ஒருத்தன் மட்டும் பச்சை. பளபளவென்று பச்சை.

"ஏனுங்ணா எல்லாரும் சும்மா உக்காந்திருக்கறீங்க?"

"சும்மா இல்லீங்க. கைமடிக்கறோம்" என்றேன்.

செக்கிங் மேஜையில் ரஜியா சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து பேக்கிங்கில் சிரித்தார்கள். சதாசிவத்துக்குக் கோபம் வரவில்லை. டிவியைப் பார்த்தான். தன் பச்சைக் கட்டத்தைப் பார்த்தான். ஓடுவதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில், மயிலா நிற்கிற இடத்தில், வந்து நின்றான். அவனும் சிவப்பானான். "எங்கம்மா முப்பது வருசம் நின்னாங்ணா" என்று மட்டும் சொன்னான்.

மேலேயிருந்து மேனேஜர் இறங்கி வரும்வரை அப்படியே இருந்தோம். அரை மணி நேரம் இருக்கும். விரல் இரண்டும் மரத்துவிட்டன. அரை மணிக்கே.

செப்டம்பர் 4, வியாழன்

கைமடிக்காரிகளுக்குப் போன் வந்தது. இந்த ஷிப்மென்ட் முடியும்வரை வரலாம். அதற்கப்புறம் தெரியாது. தினக்கூலிதான், நிரந்தரக் கைமடி என்ற பேச்சே இனிக் கிடையாது. டிவியை மட்டும் லைன் பக்கமிருந்து திருப்பி மேனேஜர் ரூமுக்குள் வைத்துவிட்டார்கள். சிவப்பு அங்கே எரிந்துகொண்டுதான் இருக்கும். நாங்கள் பார்க்க வேண்டாம் என்று.

ஜெயித்தோம் என்று பக்கத்து மெஷின்காரர் கை கொடுத்தார். கொடுத்த கையை வாங்கிக்கொண்டேன். ஜெயித்ததாகத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டதில் பாதியைக் கடனாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

மயிலா வந்து நின்றாள். பத்து மணிக்கு முழங்கையில் ஓர் இடி விழுந்தது. ஊசியை மாற்றினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோகி பதினைந்தாவது இன்டர்வியூவுக்கு விண்ணப்பம் போடுகிறாள். முன் அனுபவம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். "பல ஆயிரம் பேரைச் சும்மான்னு சொன்ன அனுபவம்னு எழுதட்டுங்களா?" என்றாள். பிறகு அவளே யோசித்து, 'துணி பிடிக்கும் வேலையை அறிவேன்' என்று எழுதினாள். யாருக்குப் புரியப் போகிறது? அழிக்க மாட்டேன் என்கிறாள்.

நான் இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். ஜூன் ஒன்றாம் தேதி, மயிலா வீட்டில் சும்மா இருந்தாளாம். காலுக்குத் தைலம் போட்டு நீவிக்கொண்டு. ஜூன் பதினேழு, நான் தூங்கினேனாம், அவள் சும்மா இருந்தாளாம். போர்வை துவைத்துக்கொண்டு, வளர்ந்த பெண்ணைத் தூக்கிக் குளிக்க வைத்துக்கொண்டு. இந்த டைரியைப் பார்த்து எந்த மிஷின் கற்றிருந்தாலும் அது அவளைச் சிவப்பாகத்தான் காட்டியிருக்கும். பேனாவை எடுத்து அந்த இடங்களில் அடித்தேன். மேலே 'வேலை' என்று எழுதினேன். கையெழுத்து கோணலாக வந்தது.

அடுப்படியில் கிரைண்டர் நின்றது.

"அங்க என்னங்க பண்றீங்க?"

பழக்க தோஷம். வாய் தானாகச் சொன்னது: "சும்மாதான்."

"அப்படீன்னா வந்து இந்தப் போசியைப் புடிங்க."

போனேன். கிரைண்டரைச் சாய்த்துக் கல்லை எடுத்து மாவை வழிக்க ஆரம்பித்தாள். கீழே இரண்டு கையாலும் போசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாத்திரம் நல்ல கனம்.

"ஆட்டாம புடிங்க" என்றாள்.

ஆட்டாமல் பிடித்தேன். ஹாலிலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்த கோகி, வாசலில் நிறுத்தி, இரண்டு கை விரல்களையும் கட்டமாக வைத்து அதன் வழியே என்னைப் பார்த்தாள்.

"அப்பா, செவப்பு!"